வளைகோட்டு வேதாந்தம்

"பொறுத்திரு ஏழையே! நாடு வளரட்டும், ஆலைகள் பெருகட்டும். ஏற்றத்தாழ்வு தானே தேயும்!" என்றோர் உபதேசம் உலவுகிறது, தோழர்களே! உபதேசிகள் காவி கட்டியவரல்லர், கணக்கேடு ஏந்தியவர். புராணிகன் விதி என்றான். இவர்கள் வளைகோடு என்கிறார்கள்.

கோட்டுக்குரியவர் சைமன் குஸ்நெட்ஸ், 1971-இல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர். உழவைவிட்டு மக்கள் நகருக்கும் ஆலைக்கும் பெயருங்கால் வருமான ஏற்றத்தாழ்வு முதலில் மிகும், பின்னர் குறையும் என்று 1955-இல் எழுதினார். கையிலிருந்தவை அமெரிக்கா, இங்கிலாந்து, ஜெர்மனி நாடுகளின் சில கணக்குகள். நேர்மையாளர் அவர்! தாம் சொன்னதில் நூற்றுக்கு ஐந்து பங்கே சான்று, தொண்ணூற்றைந்து பங்கு ஊகம், அவ்வூகத்திலும் ஆசை கலந்திருக்கலாம் என்று தாமே ஒப்புக்கொண்டார். குரு ஐயம் என்றதைச் சீடர்கள் வேதமாக்கினர்!

குறைந்தது உண்மை; மறுப்பாரில்லை. எதனால் குறைந்தது?

இங்கிலாந்தைக் காண்பீர். வாக்குரிமை கேட்ட சாசன இயக்கத்தார் சிறை புகுந்தனர். 1909-இல் லாயிட் ஜார்ஜ், செல்வர்மீதும் நிலவுடைமைமீதும் வரி விதிக்கும் வரவு செலவுத் திட்டம் கொண்டுவந்தார். பிரபுக்கள் சபை சீறியது, தள்ளியது! 1910-இல் இரண்டு பொதுத்தேர்தல்கள் நடந்தன. 1911-இல்தான் அச்சபையின் தடையதிகாரம் சட்டத்தால் ஒடுக்கப்பட்டது. இத்தனை போருக்குப் பின், கோடு தானாக வளைந்ததாம்!

அமெரிக்காவிலோ, 1929-இன் வீழ்ச்சி செல்வர் பெட்டகத்தை உலுக்கிற்று. 1935-இல் சங்கம் அமைக்கும் உரிமைக்கும் முதியோர் காப்புக்கும் சட்டங்கள் பிறந்தன. உலகப்போர் மூண்டது, 1944-இல் மிக உயர்ந்த வருமானத்தின் மேற்பகுதிமீது நூற்றுக்கு 94 வரி! இப்பள்ளத்தைத்தான் குஸ்நெட்ஸ் அளந்தார். போரும் வீழ்ச்சியும் வரியும் வெட்டிய பள்ளமென்று பிரெஞ்சு அறிஞர் தாமஸ் பிக்கெட்டி 2013-இல் விரிவாகக் காட்டினார்.

அதன் பிறகு? அமெரிக்கர் ஆலையை மூடிவிட்டு ஏருக்குத் திரும்பினரா? இல்லை, செல்வம் மேலும் பெருகிற்று. ஆனால் 1988-இல் அந்த உச்சவரி நூற்றுக்கு 28-ஆக இறங்கியிருந்தது, தொழிற்சங்கங்கள் மெலிந்தன. எழுபதுகளின் இறுதியிலிருந்தே ஏற்றத்தாழ்வு மீண்டும் ஏறத் தொடங்கிவிட்டது. வளர்ச்சி நிற்கவில்லை, சமத்துவம் மட்டும் நின்றுவிட்டது! வளர்ச்சியே மருந்தென்றால், மருந்து கூடக்கூட நோய் வளர்ந்தது ஏன்?

குஸ்நெட்ஸ் 1985-இல் மறைந்தார். கோடு எவ்வளவு உயரம் ஏறிற்று என்று காண அவரில்லை. கண்ணெதிரே காணும் சீடர்களோ, "இன்னும் சற்றுப் பொறு" என்கிறார்கள்!