குழூஉக்குறியும் ஒரு நோ டிரம்பும்

பிரிட்ஜ் என்றதும் சூதாட்டம் என்று முகஞ்சுளிக்கும் இலக்கிய அன்பர்களோடு இன்று நமக்கு வழக்கில்லை. ரம்மி திறன் மேலோங்கிய ஆட்டம் என்று 1967இல் சத்தியநாராயணா வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஒப்புக்குக் காட்டியது பிரிட்ஜைத்தான். 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்தவர்கள் அறுபது வயது பிரணாப் பர்தனும் ஐம்பத்தாறு வயது சிவநாத் சர்க்காரும். இதற்குமேல் சான்று வேண்டுவோர் வேண்டிக்கொண்டே இருக்கட்டும்.

நம் வழக்கு வேறு. தாம்பரத்திலிருந்து மின்ரயிலில் உடன் வரும் தமிழாசிரிய நண்பர் ஒருவர், "கிளாவர் என்று சொல்லிக் கிளாவரைக் குறிக்காத பேச்சு திருட்டுப் பேச்சு அல்லவா? பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதுபோல இதுவும் குழூஉக்குறிதானே?" என்றார். நன்னூல் படித்தவர் கேட்கக்கூடிய கேள்விதான். ஆனால் தவறான கேள்வி.

ஏஸுக்கு நான்கு, ராஜாவுக்கு மூன்று, ராணிக்கு இரண்டு, ஜாக்கிக்கு ஒன்று எனக் கட்டு முழுவதும் நாற்பது புள்ளிகள். பதினைந்து முதல் பதினேழு புள்ளிகளும் நான்கு இனங்களும் சமமாகப் பரவிய கையும் உள்ளவர் 'ஒரு நோ டிரம்ப்' என்று ஏலத்தைத் தொடங்குவது பரவலான வழக்கம். எதிரே அமர்ந்த ஜோடி 'இரண்டு கிளாவர்' என்றால், "ஆர்ட்டினிலோ இஸ்பேடிலோ உம்மிடம் நான்கு சீட்டு உண்டா?" என்று பொருள். 'இரண்டு டைமன்' என்றால், "என்னிடம் ஆர்ட்டின் ஐந்து உண்டு, அதை நீரே சொல்லும்" என்று பொருள். வலுவான கை மேசைமேல் விரிக்கப்படாமல் மறைந்திருக்க வேண்டும் என்பதற்காக அந்தச் சுற்றுவழி.

முதல் உடன்பாட்டின் பெயர் ஸ்டேமன். ஜார்ஜ் ராப்பேயின் மூளையில் உதித்த அதை, அவருடைய ஜோடியான சாம் ஸ்டேமன் 1945இல் 'பிரிட்ஜ் வேர்ல்ட்' இதழில் எழுதினார்; பெயர் எழுதியவருக்கே போயிற்று. குழூஉக்குறியை எந்தக் குழுவாவது பத்திரிகையில் அச்சிட்டு ஊருக்கு விற்குமா? பொற்கொல்லர் மறைப்பதற்காகப் பேசினார். பிரிட்ஜ் ஆடுகிறவரோ தம் ஜோடிக்குத் தெரிந்த பொருளை எதிரணிக்கும் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். கையில் இருக்கும் சீட்டைச் சொல்ல வேண்டியதில்லை. சொல்லின் பொருளைச் சொல்லியே ஆகவேண்டும். ஆட்டத்தின் சட்டம் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை.

நண்பருக்கு இவ்வாறு விடையளித்துவிட்டு நிமிர்ந்த நம்மைச் சிட்லபாக்கத்தில் ஒரு குடியிருப்பின் மாடி அறை தலைகுனிய வைத்தது. முப்பது ஆண்டுகளாகச் சேர்ந்தாடும் இரு பெரியவர்கள் எதிரணி. ஒருவர் 'ஒரு நோ டிரம்ப்' என்றார். அவருடைய ஜோடியிடம் பொருள் கேட்டோம். "வழக்கமானதுதான் சார், ஆடுங்க" என்றார். நம் கையில் பதினைந்து புள்ளிகள். எதிரியிடமும் அவ்வளவோ அதற்கு மேலோ இருக்கையில் வாய்திறப்பது அறிவன்று என்று அடங்கினோம். எல்லோரும் அடங்கினர்.

சீட்டுகள் விழுந்தபின் கணக்கு வெளிப்பட்டது. தொடங்கியவரிடம் பன்னிரண்டு, அவர் ஜோடியிடம் மூன்று, நம் ஜோடியிடம் பத்து. ஏழு பிடி எடுக்க வேண்டியவர்கள் நான்கோடு நின்றார்கள். நமக்குக் கிடைத்தது 150. உண்மை தெரிந்திருந்தால் 'டபுள்' சொல்லி 500 வாங்கியிருப்போம். "தோற்றால் தண்டம் குறைவு என்கிறபோது எங்களுக்குப் பன்னிரண்டு முதல் பதினாலுதான். எங்களோட ஆடுறவங்களுக்கு இது தெரியுமே!" என்று சிரித்தார் பெரியவர்.

350 புள்ளிகள் போனது பெரிதன்று. பன்னிரண்டில் தொடங்குவது குற்றமும் அன்று. உலகெங்கும் பலர் அப்படி ஆடுகிறார்கள். அதை 'வழக்கம்' என்னும் சொல்லுக்குள் ஒளித்ததே குற்றம். யாருடைய வழக்கம்? கேட்டவருக்கு எண்ணைச் சொல்ல மூன்று விநாடி போதும். சொல்லாமல் விட்டபோது, எழுதி வெளியிடப்பட வேண்டிய ஓர் உடன்பாட்டை அந்தப் பெரியவர்கள் பொற்கொல்லரின் 'பறி'யாக இறக்கிவிட்டார்கள். பழைய நட்பு என்பது இதற்கு மன்னிப்பாகாது. நட்பு எவ்வளவு பழையதோ, அவ்வளவு சொல்லாப் பொருள் அதில் சேர்ந்திருக்கும். ஆகவே அவ்வளவு விளக்கக் கடமையும் உண்டு. புதிதாக ஆட வந்த இளைஞர்கள் இரண்டே வாரத்தில் அந்த மேசையை விட்டு நீங்கியதற்குக் காரணம் தேடி வெளியே அலைய வேண்டியதில்லை.

இலக்கிய அன்பர்கள் இதை வாசித்துப் பெரியவர்கள்மேல் கோபம் கொள்ளலாம். கொள்ளுமுன் ஒரு சொல். 'பிரதி', 'கதையாடல்', 'சொல்லாடல்' என்று நம் சிற்றிதழ்களில் எழுதுகிறோமே, பொருள் கேட்ட மாணவனுக்கு நாம் என்ன விடை தந்தோம்? "வழக்கமானதுதான், படி" என்பதைத் தவிர?