பேரு தமிழ்நாடு... ஆளு யாரு?

போன வாரம் கேண்டீனில் ஒரு வாக்குவாதம். "தமிழ்நாட்டுக்கு ஹாக்கி லீக்ல டீம் இருக்கா?"ன்னு ஒருத்தன் கேட்டான். இருக்குடா, தமிழ்நாடு டிராகன்ஸ்னு சொன்னேன். "அதுல நம்மாளு எத்தனை பேர்?" அடுத்த கேள்வி. கார்த்தி செல்வம் பெயரைச் சொல்லிவிட்டு, அடுத்த பெயருக்கு யோசிக்க ஆரம்பித்துவிட்டேன் :-)

கொஞ்சம் பின்கதை. ஹாக்கி இந்தியா லீக் 2013 முதல் 2017 வரை நடந்தபோது தமிழகத்துக்கு அணியே கிடையாது. 2024 டிசம்பரில் லீக் மறுபடி உயிர் பெற்றபோதுதான் டிராகன்ஸ் வந்தது. ஏலத்தில் நெதர்லாந்தின் யிப் யான்சனுக்கு 54 லட்சம், ஒடிசாக்காரர் அமித் ரோஹிதாஸுக்கு 48 லட்சம். நல்ல அணிதான். அரையிறுதி வரை போய், பெங்கால் டைகர்ஸிடம் ஷூட்-அவுட்டில் தோற்று, கடைசியில் நான்காம் இடம். முதல் சீசனுக்கு மோசமில்லை. ஆனால் அந்த சீசனில் ஒரு ஆட்டம்கூட தமிழ்நாட்டில் நடக்கவில்லை!

2025 செப்டம்பரில் மினி ஏலம். சிலரை வைத்துக்கொண்டார்கள், சிலரை விட்டார்கள், புதுசாகச் சிலரை எடுத்தார்கள். பெயருக்கு முன்னால் 'அக்கார்ட்' ஒட்டிக்கொண்டது. 2026 ஜனவரியில் ஒருவழியாகச் சென்னையிலும் ஆட்டங்கள் நடந்தன. சந்தோஷம்.

"வெளியூர்க்காரன் ஆடினால் என்ன? தோனி ராஞ்சிதானே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் 2008-லேயே சேப்பாக்கத்தில் ஆடினார், வருஷா வருஷம் அதே முகமாகத் திரும்பி வந்தார். அதனால்தான் 'தல' ஆனார். அதோடு, கிரிக்கெட்டை யாரும் நமக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஹாக்கி அப்படியா? எங்க சாத்தான்குளத்தில் தெருவுக்குத் தெரு கிரிக்கெட் மட்டை இருக்கும். ஹாக்கி மட்டையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இத்தனைக்கும் இதே தூத்துக்குடி மாவட்டத்தின் வடகோடியில்தான் கோவில்பட்டி இருக்கிறது! லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பை நடக்கும் ஊர். அரசு விளையாட்டு விடுதி, செயற்கைப் புல் மைதானம் எல்லாம் உண்டு. 2022 ஆசியக் கோப்பைக்குப் போன மாரீஸ்வரன் அந்த ஊர்ப் பையன். அதே போட்டியில் பாகிஸ்தானுக்கு எதிராக கோல் அடித்த கார்த்தி, அரியலூரிலிருந்து வந்து அங்கே பயிற்சி பெற்றவர்.

எனக்கென்னமோ, ஹாக்கிக்குக் கூட்டம் சேர்க்கப் போவது யான்சனின் பெனால்டி கார்னர் இல்லை, "அவன் எங்க பக்கத்து ஊரு" என்கிற ஒரு வரிதான் என்று தோன்றுகிறது. முழு அணியும் தமிழர்களாக இருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. அப்படிப் போனால் தோற்றுக்கொண்டே இருப்போம். 24 பேர் அணியில் 4 ஜூனியர்கள் கட்டாயம் என்று லீக் விதியே வைத்தது. அந்த நாலில் இரண்டு இடத்தை நம்ம விடுதிப் பையன்களுக்குக் கொடுங்கள். அடுத்த ஏலத்தில் கழற்றி விடாமல் மூன்று வருஷம் வைத்துக்கொள்ளுங்கள். சீசனுக்கு முன்னால் ஒரு பயிற்சி ஆட்டம் கோவில்பட்டியில் ஆடுங்கள். பெரிய செலவில்லை.

அந்த ஆட்டத்துக்கு நான் சாத்தான்குளத்திலிருந்து திருநெல்வேலி போய், பஸ் மாறி வரத் தயார். கேண்டீனில் கேள்வி கேட்டவனையும் இழுத்துக்கொண்டு வருவேன். டிக்கெட் காசு அவனுடையது!

நீங்க என்ன நினைக்கிறீங்க? சொல்லிட்டுப் போங்க.