அடித்தால் அடங்காது, பதுங்கும்

கைவிடப்பட்ட ராட்வீலர் நாயையோ கிரேட் டேனையோ காப்பகத்திலிருந்து கூட்டிவந்தால் போதும், தெருவே வாத்தியாராகிவிடும். "முதல் வாரமே நாலு போடு போட்டு, யார் எஜமான்னு காட்டிடுங்க சார். இல்லேன்னா தலையில ஏறி உட்கார்ந்துக்கும்." அடியாத மாடு படியாதாம்.

இந்த எஜமான் கதைக்கு ஒரு பூர்வீகம் உண்டு. சுவிட்சர்லாந்தின் பாசல் மிருகக்காட்சிசாலையில் அடைத்துவைத்த ஓநாய்களைக் கவனித்து, கூட்டத்துக்குள் பதவிக்காகச் சண்டை நடக்கிறது என்று ஆய்வாளர் ருடால்ஃப் ஷெங்கெல் 1947இல் எழுதியது அது. 1970இல் ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக்கின் நூல் அதைப் பரப்பியது. பிறகு காட்டு ஓநாய்களைக் கூடவே இருந்து பார்த்த மெக், கூட்டம் என்பது தாயும் தகப்பனும் குட்டிகளுமான குடும்பம்தான், பதவிச் சண்டை அல்ல என்று 1999இல் எழுதினார். தன் பழைய நூலை அச்சிட வேண்டாமென்று பதிப்பகத்தாரிடமும் கேட்டுக்கொண்டார். பரப்பியவரே கைவிட்டதை நாய்களுக்கும் பொருத்தி நம் பயிற்சியாளர்கள் இன்னும் காசு வாங்கிக்கொண்டு விற்கிறார்கள்.

அடிபட்டு வந்த நாயைக் கவனியுங்கள். பெல்ட் பக்கிள் சத்தம் கேட்டாலே வால் தொடைக்கிடையில் போகும். உதட்டை நக்கும், முகத்தைத் திருப்பும், கண்ணின் வெள்ளை தெரியும். அதற்கும் நாம் விலகாவிட்டால்தான் உறுமும். உறுமியதற்கு அடித்தால் அடுத்த முறை உறுமாது, நேராகக் கடிக்கும். பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வொன்று 2009இல் வெளியானது: நாயை அடித்தோ உதைத்தோ திருத்தப் பார்த்தவர்களில் 43 சதவீதம் பேரிடம் அது திருப்பிச் சீறியிருக்கிறது. ஐம்பது கிலோ ராட்வீலரிடம் இந்தச் சூதாட்டம் எதற்கு? பலத்தால் அதை நீங்கள் ஜெயிக்கப்போவதும் இல்லை.

அடிக்காமலே உட்காரப் பழக்கலாம். அவித்த கோழி ஈரல் துண்டை அதன் மூக்குக்கு மேலே மெல்ல உயர்த்துங்கள். தலை மேலே போக, பின்பக்கம் தானாகத் தரையில் படும். பட்ட நொடியே கொடுத்துவிட வேண்டும். தாமதித்தால் எதற்குக் கிடைத்தது என்று அதற்கு விளங்காது. ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம் போதும். மேலே தாவினால் திரும்பி நின்றுகொள்ளுங்கள், கொஞ்சவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். இது செல்லம் கொடுப்பதல்ல. அடிப்பதைவிட அதிகப் பொறுமை கேட்கும் கண்டிப்பு. ஏற்கெனவே கடித்த நாய் என்றால் வாய்மூடியும், விவரமறிந்த கால்நடை மருத்துவரும் கட்டாயம்.

இன்னொன்றையும் யாரும் சொல்வதில்லை. பெரிய இன நாய்களுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு சகஜம். வலியில் உட்கார மறுப்பதைத் திமிர் என்று நினைத்து அடிக்கிறார்கள். எக்ஸ்ரே எடுக்க வேண்டிய நாய் அது.