வெயிலின் மேல் பழி

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் பஸ்ஸில் செல்வது கண்ணுக்கு ஒரு விருந்து. கல்வராயன் மலைப் பாதையில் வெயிலும் மர நிழலும் மாறி மாறி முகத்தில் விழுந்து விளையாடும். சென்ற மாதம் அந்தப் பாதையில்தான் என் வகுப்பு மாணவன் ஒருவனுக்குக் காக்காய் வலிப்புக் கண்டது. ஒருவர் அவன் கையில் இரும்புச் சாவியைத் திணித்தார். மற்றொருவர், "இந்தப் பிள்ளைக்கு வெயில் ஆகாது" என்று தீர்ப்புக் கூறிவிட்டார். அன்று முதல் பெற்றோர் அவனைப் பகலில் வெளியே விடுவதில்லை. பள்ளிக்கூடமும் நின்று போயிற்று.

வெயில் குற்றவாளிதானா? வலிப்பு உள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் மூவருக்கே ஒளியினால் வலிப்பு வரக்கூடும். அதிலும் நிலையாகக் காயும் வெயில் அன்று, விட்டு விட்டு மின்னும் ஒளியே பெரும்பாலும் காரணம். விநாடிக்கு ஏறக்குறைய 3 முதல் 30 முறை மின்னினால் ஆபத்து. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் பஸ் ஓடினால் விநாடிக்குப் பத்து மீட்டர் கடக்கிறது. மீட்டருக்கு ஒரு நிழல் குறுக்கிட்டால், விநாடிக்குப் பத்து மின்னல்! ஜப்பானில் 1997 டிசம்பர் 16-ஆம் தேதி மாலை, வீட்டுக்குள் அமர்ந்து டெலிவிஷனில் கார்ட்டூன் பார்த்த நூற்றுக்கணக்கான குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தது. அங்கே வெயில் ஏது? படத்தில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னியதே காரணம்.

இத்தகைய ஒளி எதிர்ப்பட்டால் ஒரு கண்ணை உள்ளங்கையால் நன்றாக மூடிக்கொள்வது நலம். இரு கண்களையும் வெறுமனே மூடினால் இமை வழியே ஒளி புகுந்துவிடும்.

பையனின் தாயாரை விசாரித்தேன். பிரயாண உற்சாகத்தில் முதல் நாள் இரவு அவன் தூங்கவேயில்லை. காலை மாத்திரையும் மறந்து போயிற்றாம். தூக்கக் குறைவும் மாத்திரை தவறுவதும் வெயிலைவிடப் பெரிய பகைவர்கள் அல்லவா? மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் சோதனையில் மின்னும் விளக்கைக் காட்டி, ஒளிக்குப் பங்குண்டா என்று டாக்டர் கண்டறியலாம்.

வலிப்புக் கண்டால் இரும்பு வேண்டாம். வாயில் எதையும் திணிக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

"டாக்டரைப் பார்த்துவிட்டு அனுப்புகிறேன், ஸார்" என்றார் பையனின் தகப்பனார். வகுப்பில் அவன் இடத்தில் வேறு யாரையும் நான் உட்கார வைக்கவில்லை.