சிறை யாருக்குக் கொடை?

சிறையும் தனிமையும் எழுத்தாளனுக்குக் கிடைத்த கொடை என்று அண்மையில் ஓர் இதழில் வந்த கட்டுரை அடித்துச் சொல்கிறது. இத்தாலிய மார்க்சியச் சிந்தனையாளர் கிராம்ஷி போன்றவர்களைக் காட்டுகிறது. நம் எழுத்தாளர்களும் தங்களை 'சீக்வெஸ்டர்' செய்துகொண்டால்தான், அதாவது ஒதுக்கிக்கொண்டால்தான், பெரிய படைப்பு வரும் என்கிறது. நீதிமன்றங்களில் இந்தச் சொல்லுக்கு வேறு வேலை இருக்கிறது. 1984இல் வேலைநிறுத்தம் செய்த பிரிட்டன் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் சொத்தை முடக்கியது இந்தப் பெயரிலான ஆணைதான். ஒதுங்கி இருப்பதும் பிடுங்கிக்கொள்வதும் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். கட்டுரையாளர் முதலாவதை எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டார்.

கிராம்ஷி 1926 நவம்பரில் கைதானார். எழுத அனுமதி கிடைத்து முதல் குறிப்பேட்டைத் தொடங்கியபோது 1929 பிப்ரவரி ஆகிவிட்டது. குறிப்பேட்டின் தாள்களில் சிறை முத்திரை இருந்தது. அறையில் எத்தனை புத்தகம் வைத்துக்கொள்ளலாம் என்பதைக்கூட அதிகாரிகளே தீர்மானித்தார்கள். அந்தப் புத்தகங்கள் எப்படி வந்தன? பொருளியலாளர் பியரோ ஸ்ராஃபா மிலான் புத்தகக் கடையில் அவருக்காகக் கணக்குத் திறந்து வைத்திருந்தார். மைத்துனி தாத்தியானா கடிதம் எழுதினார், துணி அனுப்பினார், கிராம்ஷி இறந்த பிறகு குறிப்பேடுகளைக் காப்பாற்றினார். அந்தக் குறிப்பேடுகளைத் தனிமையின் விளைவு என்று சொல்ல மனம் வருமா? தனிமைப்படுத்தியவர்கள் தோற்றுப்போனதால் கிடைத்தவை அவை.

கூகி வா தியாங்கோ கென்யாவின் கமிதி சிறையில், கழிப்பறைத் தாளில், தன் கிக்கூயு மொழியில் நாவல் எழுதினார். சோதனையில் தாள்களை அள்ளிக்கொண்டு போனார்கள். சில வாரம் கழித்து ஓர் அதிகாரி திருப்பித் தந்தார். அவர் தராமல் இருந்திருந்தால் அந்த நாவலைப் பற்றிப் பேச நமக்கு எதுவும் இருந்திருக்காது.

தனிமை மீதான இந்த மயக்கம் நமக்குப் புதிதல்ல. இருத்தலியம் படித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்ட தலைமுறையில் நாமும் இருந்தோம். அந்நியமாதல் பற்றி விடிய விடியப் பேசினோம். அந்த வாசிப்பின் மேல் இன்றும் நமக்குக் காதல் உண்டு. காம்யுவை மறுபடி எடுத்தால் கீழே வைக்க முடிவதில்லை. ஆனால் அந்தக் கதவின் தாழ்ப்பாள் நம் பக்கம் இருந்தது. வெளியிலிருந்து பூட்டிய அறையை அதோடு சேர்த்துப் பேசுவது அறிவு நேர்மை ஆகாது.

சோவியத் எழுத்தாளர் வாசிலி கிராஸ்மனை யாரும் சிறையில் அடைக்கவில்லை. 1961 பிப்ரவரியில் கேஜிபி ஆட்கள் வீட்டுக்கு வந்து 'வாழ்வும் விதியும்' நாவலின் கைப்பிரதிகளையும் குறிப்புகளையும் எடுத்துக்கொண்டார்கள். கார்பன் தாளையும் தட்டச்சுப்பொறியின் ரிப்பனையும்கூட விடவில்லை. மனிதர் தெருவில் நடக்கலாம், புத்தகம் உள்ளே. நாவலை விடுவிக்கும்படி அவர் குருஷ்சேவுக்கே எழுதினார். பலனில்லை. 1964இல் இறந்தார். நண்பர்கள் ஒளித்து வைத்திருந்த பிரதியிலிருந்துதான் 1980இல் சுவிட்சர்லாந்தில் நூல் வெளிவந்தது. நாவல் பறிபோனதிலிருந்து இறக்கும்வரை மூன்றரை ஆண்டு அவர் அனுபவித்த தனிமை என்ன கொடுத்தது என்று கட்டுரையாளர் சொல்லட்டும்.

கட்டுரையாளரின் பட்டியலில் இருப்பவர்கள் எல்லாரும் எப்படியோ எழுதி, எப்படியோ தாள்களைக் காப்பாற்றிக்கொண்டவர்கள். பிழைத்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு அழித்தவர்களுக்கு நன்றி சொல்லும் விமர்சனத்தை நாம் ஏற்கமாட்டோம். அடக்குமுறை அழகியல் பெயரில் நல்ல பெயர் வாங்க இங்கே இடமில்லை. பிழைக்காதவர்களையும் எண்ணுவோம். 1939 மே மாதம் சோவியத் எழுத்தாளர் ஐசக் பாபெலைக் கைது செய்தபோது வெளியாகாத கைப்பிரதிகளையும் சேர்த்துக் கொண்டுபோனார்கள். 1940 ஜனவரியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 1954இல் அவர் குற்றமற்றவர் என்று அரசே அறிவித்தது. அந்தத் தாள்கள் இன்றுவரை கிடைக்கவில்லை.