ஐந்து முறை 'ஏன்?' கேளுங்கள்!

ஓடிக்கொண்டிருந்த மெஷின் திடீரென நின்றுவிட்டது. ஃபியூஸ் போயிருக்கிறது. மாற்றிவிட்டால் வேலை முடிந்ததா?

'இல்லை' என்கிறார் டொயோட்டாவின் உற்பத்தி முறையை உருவாக்கிய தாயிச்சி ஓனோ. 1978-ல் வெளியான தன் புத்தகத்தில் அவர் சொல்லும் உதாரணம்தான் இது. ஒரு கோளாறுக்கு ஐந்து முறை 'ஏன்?' கேட்க வேண்டும் என்பது அவர் பாடம்.

1. மெஷின் ஏன் நின்றது? லோடு கூடி, ஃபியூஸ் போய்விட்டது.
2. லோடு ஏன் கூடியது? பேரிங்கில் போதிய ஆயில் இல்லை.
3. ஆயில் ஏன் இல்லை? பம்ப் சரியாக இழுக்கவில்லை.
4. பம்ப் ஏன் இழுக்கவில்லை? ஷாஃப்ட் தேய்ந்து ஆடுகிறது.
5. ஷாஃப்ட் ஏன் தேய்ந்தது? வடிகட்டி இல்லாததால் இரும்புத் துகள்கள் உள்ளே போய்விட்டன.

ஆக, மாட்ட வேண்டியது வடிகட்டி! ஃபியூஸை மட்டும் மாற்றினால், கொஞ்ச நாளில் மெஷின் மறுபடி நிற்கும்.

இதில் 'யார்?' என்ற கேள்வியே இல்லை என்பதைக் கவனியுங்கள். 'யார் செய்தது?' என்று ஆரம்பித்தால், திட்டுக்குப் பயந்து ஊழியர்கள் தவற்றை மறைப்பார்கள். கோளாறு அப்படியே இருக்கும்.

சின்னக் கடைக்கும் இது பொருந்தும். பார்சலில் சட்னி விட்டுப்போகிறதா? கட்டுபவரைத் திட்டும் முன், ஆர்டர் விவரம் அவர் கைக்குச் சரியாகப் போகிறதா என்று பாருங்கள். உட்கார்ந்த இடத்தில் ஊகிக்காமல், பார்சல் கட்டும் இடத்துக்கே போய்ப் பாருங்கள். விடை அங்கேதான் இருக்கும்!