ஆறு சும்மா கிடக்கவில்லை

"ஜனவரி 28-ல் மேட்டூர் அணையை மூடிவிடுகிறார்கள். ஜூன் 12 வரை காவிரி மணல் காலிதானே? கூடாரம் போட்டுத் தங்கினால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்கிறார் நண்பர். சுவாமிமலைக்காரனாகச் சொல்கிறேன்: தண்ணீர் இல்லையென்றால் ஆறு காலி என்று அர்த்தமில்லை.

பங்குனி, சித்திரையில் ஆட்காட்டிக் குருவி வெறுந்தரையில் முட்டையிடும். கூழாங்கல் நிறத்தில் நாலு முட்டை. போன வருஷம் காலுக்கு ஒரு சாண் தூரம் வரும்வரை என் கண்ணுக்கே படவில்லை. ராத்திரி டார்ச்சோடு மணலில் இறங்குபவருக்கு எப்படித் தெரியும்? இந்த ஆற்று வண்டலைத்தான் எங்கள் ஸ்தபதிகள் சிலை வார்க்கும்போது மெழுகு உருவத்தின் மேல் முதல் பூச்சாகப் பூசுகிறார்கள். சிலையின் விரல் நகம்வரை அதில்தான் பதிகிறது. பாட்டில் உடைந்து கிடக்கும் இடத்தில் அந்த மண்ணை யார் கையால் அள்ளுவது?

"ஆட்டுக் கிடைக்காரர்கள் அறுத்த வயலில் தங்குவதில்லையா?" என்பது அவருடைய அடுத்த வாதம். தங்குகிறார்கள், வயல்காரர் சம்மதத்தோடு. ராத்திரிக்கு இவ்வளவு என்று கூலி கொடுப்பவரும் வயல்காரர்தான், ஏனென்றால் விடியும்போது நிலத்தில் எரு இருக்கும். உளுந்து தெளித்த வயலில் அவர்கள் ஆட்டை இறக்க மாட்டார்கள். வரப்பில் நின்று பார்த்தால் அது வெறும் தரிசுதான். குனிந்தால்தான் தாளுக்கு நடுவே இரண்டு இலை விட்ட செடி தெரியும்.

கூடாரம் போட ஆசையிருந்தால் ஊருக்குள் வந்து ஒரு தோப்புக்காரரைக் கேளுங்கள். இடமும் கொடுப்பார், காலையில் பம்புசெட்டில் குளித்துவிட்டுப் போகவும் சொல்வார்.